ஐந்தாவது அடி

ரயில் எட்டியே பார்க்காத ஒரு கடற்கரை ஊரில் முன்பொரு காலத்தில் ஒரு தண்டவாளம் தொங்கிக்கொண்டிருந்தது.

முழுசு இல்லை, மூன்றடித் துண்டுதான். கன்னியர் மடத்துப் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தின் முற்றத்தில், பூவரச மரக்கிளையில், கட்டுக்கம்பியை மூன்று இழையாக முறுக்கிக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். மரத்தடியில் ஓர் இரும்புக் கோல் சாத்தியிருக்கும். அதை எடுத்து ஓர் அடி போட்டால் கடற்கரைக் கடைசிவரை கேட்கும். பள்ளிக்கூடத்துக்கு மணி அதுதான்.

மணி என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், தண்டவாளத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

"நான் மணி இல்லை. என் மேல இன்ஜின் ஓடியிருக்கு. அம்பது பெட்டி கூட்ஸ் வண்டி ஓடியிருக்கு" என்று கம்பியிடம் சொல்லும். ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது சொல்லும்.

"தெரியும் அண்ணே. நீங்க ஆடாம இருங்க அண்ணே, எனக்கு இடுப்பு கழண்டுரும் போல இருக்கு" என்று கம்பி கெஞ்சும். கம்பி ஒரு பயந்தாங்கொள்ளி.

ஆடாமல் இருக்க அதற்கு வராது. காற்று அடித்தால் ஆடும். அடிக்காவிட்டாலும் எதையாவது சாக்கு வைத்துக்கொண்டு ஆடும். கட்டிப்போட்ட கன்றுக்குட்டிகூடச் சாயங்காலம் ஆனால் படுத்துவிடும். இது படுக்கிற சாதி இல்லை.

தண்டவாளத்துக்கு முன்னாலேயே பள்ளிக்கூடம் வந்துவிட்டது. மதர் பிலோமினா என்று ஒரு கன்னியாஸ்திரி, கூட இன்னொரு சிஸ்டர், இரண்டே பேர் மாட்டுவண்டியில் வந்து இறங்கி, பனையோலைக் கொட்டகை போட்டு, ஏழு பெண்பிள்ளைகளைச் சேர்த்தார்கள். சிலேட்டு கிடையாது. கடல் மணலில் விரலால் எழுத வேண்டியது. பாதி எழுதும்போதே காற்று வந்து ஆனா ஆவன்னாவை அழித்துவிட்டுப் போகும். பிள்ளைகள் மறுபடி எழுதும். மதர் பிலோமினா காலையில் கரையோரமாகக் கைதட்டிக்கொண்டே நடந்து, கருவாட்டுக்குக் காவல் இருக்கிற பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் கிளப்பிக்கொண்டு வருவார். "பொம்பளப் பிள்ள படிச்சுட்டுக் கப்பலா ஓட்டப்போகுது" என்று தாய்மார் கேட்பார்கள். மதர் இன்னும் பலமாகக் கைதட்டுவார்.

இரண்டு தடவை புயல் கூரையைத் தூக்கிக்கொண்டு போயிற்று. இரண்டு தடவையும் மறுநாளே வெயிலில் உட்கார்ந்து பாடம் நடந்தது. பிறகு ஓட்டுக்கட்டிடம் வந்தது, பெஞ்சு வந்தது, மத்தியானத்துக்குக் கோதுமை உப்புமாவும் பால் பவுடரும் வந்தன. ஜங்ஷனில் ரயில்பாதை வேலை பார்த்த சூசை என்பவர், தன் மகளைச் சேர்க்க வந்தபோது, மதர் கைதட்டித் தட்டி உள்ளங்கை சிவந்திருந்ததைப் பார்த்துவிட்டு, கழித்துப்போட்ட தண்டவாளத்தில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கி வண்டியில் போட்டுக்கொண்டு வந்தார். இப்படித்தான் அது இங்கே வந்து மாட்டிக்கொண்டது.

முதல் வருஷம் சேர்ந்த ஏழு பேரில் ஐந்தாம் வகுப்பு முடித்தது ஒரே ஒருத்தி. எஸ்தாக்கி என்று பெயர். கடைசி நாளன்று மதருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கோலை எஸ்தாக்கி கையில் கொடுத்து, "வகுப்புக்கு ஒண்ணா அஞ்சு அடி அடி. ஊர் கேக்கட்டும்" என்றார். எஸ்தாக்கி அழுதுகொண்டே அடித்தாள். ஏதோ தீப்பிடித்துவிட்டது என்று ஊரே ஓடி வந்தது. "ஒண்ணுமில்ல, எஸ்தாக்கி அஞ்சாம் கிளாஸ் முடிச்சுட்டா" என்றார் மதர். அன்றைக்கே ஒரு சட்டமும் போட்டார். அந்த அஞ்சு அடியை அஞ்சு வருஷம் படித்த கைதான் அடிக்க வேண்டும், வேறு யாரும் அடிக்கக் கூடாது.

நல்ல வழக்கம்தான். ஆனால் ஊர் அதை எப்படி எடுத்துக்கொண்டது தெரியுமா? அஞ்சு அடி கேட்டாயிற்றென்றால் படிப்பு முடிந்தது என்று எடுத்துக்கொண்டது. முடிந்தது என்றால் முடிந்ததுதான். பெண் கேட்டு வருகிறவர்கள்கூட "அஞ்சடிச்ச பொண்ணா?" என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். மதர் பிலோமினா கண்மூடிப் பல வருஷம் கழித்து, சிஸ்டர் செரபினா தலைமை ஆசிரியையாக வந்து, ஆறாம் வகுப்பு என்று ஓர் அறையைத் திறந்தார். ஒரு பிள்ளைகூட வரவில்லை. "அஞ்சு அடிச்ச பெறகு என்ன சிஸ்டர் பள்ளிக்கூடம்? ஊர் சிரிக்கும்" என்றார்கள். சரி, அந்த அடியே வேண்டாம் என்று ஒரு வருஷம் சிஸ்டர் நிறுத்திப் பார்த்தார். தகப்பன்மார் கூட்டமாக வந்துவிட்டார்கள். "எங்க பிள்ளைக்கு மட்டும் என்ன கொறச்சல்? அடிக்காம எப்படி அனுப்புவீங்க?" சிஸ்டர் வாயை மூடிக்கொண்டு கோலை எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொரு ஜூன் மாதமும் ஆறாம் வகுப்பு பெஞ்சுகளைத் தானே துடைப்பார். துடைத்துவிட்டுப் பத்து நிமிஷம் அந்தக் காலி அறையில் உட்கார்ந்திருப்பார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வருவார்.

அந்த அஞ்சு அடிக்கு ஊர் வைத்த அர்த்தம் தண்டவாளத்துக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது இவ்வளவுதான்: ஒரு பெண் வந்து அஞ்சு அடி அடிப்பாள், வாசலைத் தாண்டிப் போவாள், திரும்பி வரமாட்டாள்.

"பாத்தியா, போயிட்டா. எல்லாரும் போறாங்க. என்னைய அடிச்சுட்டு அடிச்சுட்டுப் போறாங்க. நான் மட்டும் இங்கயே கெடக்கேன்" என்று கம்பியிடம் பொருமும்.

ஒரு நாள் பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுக்கிற வண்டிக்காரர் முற்றத்துப் பக்கம் வந்தார். தண்டவாளத்தைத் தட்டிப் பார்த்தார். "அருமையான இரும்பு. உருக்கி ஊத்தினா மறுபடியும் தண்டவாளமே ஆகும்" என்று தோட்டக்காரரிடம் சொன்னார். தோட்டக்காரருக்குப் பேரீச்சம்பழம் என்றால் உயிர். "கட்டி இருக்கிறதை எப்படிக் குடுக்கிறது? தானா விழுந்துச்சுன்னா பாப்போம்" என்றார்.

அவ்வளவுதான். அன்றைக்குப் பிடித்தது தண்டவாளத்துக்குப் பைத்தியம். ஆட்டத்துக்கு ஒரு நோக்கம் வந்துவிட்டது. ஆடி ஆடிக் கம்பியைத் தேய்த்தது. ஒரு வருஷத்தில் ஓர் இழை போயிற்று. அடுத்த வருஷம் இரண்டாவது போயிற்று.

"கோடை லீவுல விழணும். ஒருத்தரும் இருக்க மாட்டாங்க. தோட்டக்காரர் இருப்பார், வண்டி வரும், நான் போயிட்டே இருப்பேன்" என்று கணக்குப் போட்டு வைத்திருந்தது.

"ஒத்த இழைதான் அண்ணே மிச்சம்" என்று கம்பி அழும்.

"அதையும் சீக்கிரம் முடிச்சு வை" என்று சொல்லும். அதற்கு இரக்கம் கிடையாது.

இரக்கம் கிடையாது என்று சொன்னேன். ஒருத்தி விஷயத்தில் மட்டும் உண்டு. கித்தேரி என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளை. கட்டுமரக்காரர் தொம்மையின் மகள். முதல் வகுப்பில் அவளோடு சேர்ந்தவர்கள் பன்னிரண்டு பேர். ஒவ்வொருத்தியாகத் தம்பியைத் தூக்க, மீன் கழுவ, உப்பளத்துக்குப் போக என்று நின்றுபோய், அந்த வருஷம் ஐந்தாம் வகுப்பில் மிஞ்சியது அவள் ஒருத்திதான்.

கித்தேரி ஒரு தடவை வேளாங்கண்ணிக்கு ரயிலில் போயிருக்கிறாள். தண்டவாளத்தில் காதை வைத்தால் ரயில் வருகிறதா என்று தெரியும் என்பதை அங்கே யாரோ ஒரு பையன் சொல்லிக் கொடுத்திருக்கிறான். அதனால் தினமும் மத்தியானம் உப்புமா தட்டைக் கழுவிவிட்டு வந்து, தொங்குகிற துண்டை இரண்டு கையாலும் பிடித்து, அதில் காதை வைப்பாள்.

"வருதா?" என்று சின்ன வகுப்புப் பிள்ளைகள் சுற்றி நின்று கேட்கும்.

"இன்னும் இல்ல" என்பாள்.

அந்த நேரத்தில் மட்டும் தண்டவாளம் ஆடாது. தன்னைத் தண்டவாளம் என்று மதிக்கிற ஒரே ஜீவன் அவள்தான் என்று அதற்கு ஒரு பெருமை.

கடைசி வேலை நாளுக்கு இரண்டு நாளைக்கு முன் அவள் காதை வைத்தபடியே மெதுவாகச் சொன்னாள். "நான் ரயில்ல போறேன். மருதைக்கு. அத்தை கூட்டிட்டுப் போறாங்க." அவள் கன்னம் சூடாக இருந்தது. ஏன் என்று தண்டவாளம் யோசிக்கவில்லை. ரயில் என்ற சொல்லைக் கேட்டதும் அதற்கு வேறு எதுவும் காதில் விழவில்லை.

கடைசி நாள் வெள்ளிக்கிழமை. காலை ஆறு மணி ஜெபத்துக்குக் கோயில் மணி அடித்து ஓய்ந்தது. கோயில் மணிக்கு மிக்கேல் என்று பெயர். ஆயர் வந்து தண்ணீர் தெளித்து, ஞானத்தகப்பன் ஞானத்தாய் வைத்து, முறையாக ஞானஸ்நானப் பெயர் வாங்கிய மணி அது. கோபுரத்தில் இருப்பதால் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

"என்ன மிக்கேல் அண்ணே, கேட்டீங்களா? எங்க பிள்ளை ரயில் ஏறுது" என்று தண்டவாளம் கீழே இருந்து கூப்பிட்டுச் சொன்னது.

"கேட்டேன். பெரிய சந்தோஷம்தான் போல உனக்கு."

"பின்ன? போறதுன்னா சும்மாவா. நானே எத்தனை தூரம் போனவன்."

"நீ எங்கலே போன?" என்றது கோயில் மணி. "ரயில் போச்சு. நீ கெடந்த எடத்துல கெடந்த. உன் மேல ஏறிப் போனதை நீ போனதா சொல்லிட்டுத் திரியுற. பேரும் கெடையாது ஊரும் கெடையாது, வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்ல."

தண்டவாளத்துக்குச் சுருக்கென்றது. சுதாரித்துக்கொண்டு, "சரி, நான் போகல. என்னைய அடிச்சவங்க போனாங்கல்ல? எத்தனை பேரு, ஒருத்தி திரும்பி வந்தாளா?" என்றது.

"எங்க போனாங்கன்னு நெனைக்கிற?"

"தூரமா."

இப்போது கோயில் மணியின் குரலில் தலைக்கனம் இல்லை.

"இங்க இருந்து எனக்கு எல்லாம் தெரியுது. எஸ்தாக்கி அந்தா, நாலாவது வீட்டுக் கொல்லையில கருவாடு காயப்போடுறா. பேரு எழுதுற கையி உப்பு அரிச்சுப் போய்க் கெடக்கு. உன்னைய அஞ்சு அடிச்சுட்டுப் போனதுல பாதிப் பேரு நான் ஒரு அடி அடிச்சா கேக்குற தூரத்துலதான் இருக்காங்க, அடுப்புக்குப் பின்னால. மத்ததெல்லாம் ரயில்ல போனது உண்மைதான். போன வருஷம் அடிச்ச ரபேலம்மா எங்க போச்சு? மருதையில ஒரு வீட்டுக்கு, பாத்திரம் கழுவ. கிறிஸ்மசுக்கு வந்தப்போ கையில சூடு வச்ச தழும்பு. கோயில் வாசல்ல முக்காட்டை இழுத்து மூடிக்கிச்சு. மேல இருந்து நான் பாத்தேன். கித்தேரி போறதும் அந்த மாதிரி ஒரு வீட்டுக்குத்தான். ஒரு டாக்டர் வீடாம். பிள்ளை தூக்கணுமாம்."

"அவ படிக்கல்ல செய்யணும். ஆறாம் கிளாஸ் ரூமு சும்மா கெடக்கே."

"தொம்மை என்ன சொல்லியிருக்கான் தெரியுமா? அஞ்சு அடி கேட்டதும் சாயங்காலப் பஸ்ஸுக்கு அனுப்பிருவேன்னு. எல்லாத் தகப்பனும் அதைத்தான் சொல்லுவான். நீ சத்தம் போட்டாத்தான் இந்த ஊர்ல பிள்ளை படிப்பை நிப்பாட்டுறாங்க. என்னையாவது செத்தவங்களுக்குத்தான் சாவுமணி அடிக்கச் சொல்றாங்க."

அன்று ஒன்பது மணிக்கு ஓர் ஆசிரியை வந்து அடித்தபோது, தன் சத்தமே தண்டவாளத்துக்குக் கேட்கச் சகிக்கவில்லை. மத்தியானம் கித்தேரி வந்து காதை வைக்கவில்லை. சுவரோரம் போய்த் தனியாக உட்கார்ந்து, சிஸ்டர் கொடுத்த ஆறாம் வகுப்புப் புத்தகத்தில் உலகப் படத்தை விரித்து வைத்துக்கொண்டு விரலால் தடவிக்கொண்டிருந்தாள். தண்டவாளத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. முன்னும் பின்னும் ஆடிற்று, சுற்றிச் சுற்றித் திரும்பிற்று.

"என்ன அண்ணே நெனைக்கீங்க?" என்று கம்பி நடுங்கிக்கொண்டே கேட்டது.

"நாலோட விழுந்துட்டா?"

"எப்ப?"

"இன்னைக்கு. அவ நாலாவது அடிக்கும்போது."

கம்பி பதறிப்போய்ப் படபடவென்று பேசிற்று. "அண்ணே, உங்களுக்குப் புத்தி பிசகிருச்சா? நாளையில இருந்து லீவு. திங்கக்கெழமை இரும்பு வண்டி. இத்தனை வருஷம் என்னைய அறுத்து அறுத்துக் காத்துக்கிட்டு இருந்தது எதுக்கு? ரெண்டு நாள் சும்மா இருந்தா நீங்க போயிரலாம். இன்னைக்கு விழுந்தா ஊரே கூடி நிக்கும். கயிறு கட்டத் தெரியாத ஆம்பளை ஒருத்தன் உண்டா இந்த ஊர்ல? சென்மத்துக்கும் அவுறாத முடிச்சாப் போட்டு உங்களை இங்கயே தொங்க விட்ருவாங்க."

"தெரியும்."

"மறுபடி தண்டவாளமா ஆகணும்னு சொன்னீங்க."

"சொன்னேன்" என்றது தண்டவாளம். ஆசை விட்டுப்போய்விட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். இன்னும் இருந்தது, நெஞ்சு நிறைய இருந்தது, அதுதான் சங்கடம்.

மூன்று மணிக்குப் பிள்ளைகள் முற்றத்தில் வரிசையாக நின்றார்கள். ஜெபம் முடிந்தது. சிஸ்டர் செரபினா கோலை எடுத்துக் கித்தேரி கையில் கொடுத்தார். கொடுக்கும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். பெண்கள் வீட்டு வாசல்களுக்கு வந்து நின்றார்கள். அஞ்சு அடியை எண்ணுவது அந்த ஊரில் ஒரு வழக்கம்.

கித்தேரி அடித்தாள்.

"ஒண்ணு" என்றது ஊர்.

இரண்டாவது அடியில் கம்பி கிறீச்சிட்டது. மூன்றாவது அடியில் கித்தேரியின் கண்ணில் தண்ணீர் முட்டி நின்றது.

"தம்பி, விடு" என்றது தண்டவாளம்.

"யோசிச்சுக்கோங்க அண்ணே. இப்பக்கூட ஒண்ணும் கெட்டுப்போகல."

"விடுலே."

நாலாவது அடி விழுந்தது. தண்டவாளம் தன் பலம் முழுவதையும் கூட்டி ஒரு முறுக்கு முறுக்கிற்று. கம்பி அறுந்தது. பாவம், அதற்குமேல் அதற்குப் பேச வழி இல்லை. தண்டவாளம் மணலில் தொப்பென்று விழுந்து பாதி புதைந்தது.

ஊர் அஞ்சாவது அடிக்காகக் காத்திருந்தது. வரவில்லை. கொஞ்ச நேரத்தில் வாசல்களில் நின்றவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். தொம்மை தோளில் கிடந்த வலையை இறக்கி வைத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தார். பின்னாலேயே ஒரு கூட்டமும் வந்தது.

"என்ன சிஸ்டர், நாலோட நிப்பாட்டிட்டீங்க?" என்றார்.

"நான் நிப்பாட்டல தொம்மை. அதுவா விழுந்துருச்சு."

தொம்மை விழுந்து கிடந்ததைப் பார்த்தார். அறுந்த கம்பியை எடுத்துப் பார்த்தார். அவர் கல்நெஞ்சுக்காரர் இல்லை. வீட்டில் ஆறு வயிறு, போன மழையில் கட்டுமரம் உடைந்தது, டாக்டர் வீட்டில் சாப்பாடாவது கிடைக்கும் என்ற நினைப்பு. ஆனால் எதையும் குறை வைத்துச் செய்கிற பழக்கம் அவரிடம் கிடையாது. கிழிசல் வலையோடு கடலுக்குப் போகமாட்டார். குறை அடியோடு பிள்ளையை ஊரைவிட்டு அனுப்பவும் அவருக்கு மனம் வரவில்லை.

"கொற வச்சு அனுப்பக் கூடாது சிஸ்டர். நான் கட்டித் தாறேன். ஒண்ணை அடிச்சுட்டு வரட்டும்" என்றார்.

யாரோ ஓடிப்போய்ப் புது நைலான் கயிறு கொண்டுவந்தார்கள். தொம்மை தண்டவாளத்தைத் தனியாகவே தூக்கிக் கிளையில் ஏற்றினார். நங்கூரத்துக்குப் போடுகிற முடிச்சைப் போட்டு இழுத்து இறுக்கினார். இரண்டு கையாலும் தொங்கிச் சோதித்துப் பார்த்தார். கிளை வளைந்தது, முடிச்சு அசையவில்லை. இந்தக் கயிறு தேயாது என்று தண்டவாளத்துக்குத் தெரிந்துவிட்டது. திங்கட்கிழமை வண்டி வரும், போகும். இனி எந்தத் திங்கட்கிழமையும் அதற்கு இல்லை. அதைவிட வயிற்றெரிச்சல், இவ்வளவும் வீணாகப் போனது. ஒரே ஓர் அடிதான் பாக்கி. அதற்கப்புறம் அவளும் போய்விடுவாள்.

தொம்மை கோலைத் துடைத்துக் கித்தேரியிடம் நீட்டினார்.

"அடி பிள்ளை. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

கித்தேரி கோலை வாங்கவில்லை. தண்டவாளத்திடம் போய் இரண்டு கையாலும் பிடித்து அதில் காதை வைத்தாள். விழுந்த அதிர்ச்சியிலும், கயிறு இறுகிய வலியிலும், போக முடியாத ஆற்றாமையிலும் அது உள்ளுக்குள் இரைந்துகொண்டிருந்தது. யாரும் அடிக்காமலேயே இரைந்துகொண்டிருந்தது.

"வருதா அக்கா?" என்று முதல் வகுப்புப் பிள்ளை ஒன்று வழக்கம்போலக் கேட்டது.

கித்தேரி தகப்பனைப் பார்த்துத் திரும்பினாள்.

"நான் அடிக்கமாட்டேன்பா."

"என்னது?"

"அஞ்சாவது அடிச்சா படிப்பு முடிஞ்சிட்டுன்னு அர்த்தம். எனக்கு முடியல. முடிஞ்சிட்டுன்னு என் கையால சொல்லமாட்டேன். நீங்க சொல்லணும்னா நீங்க அடிங்க."

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. "வாயப் பாரு" என்றாள் ஒருத்தி. தொம்மையின் முகம் கறுத்தது. கோலை ஓங்கிக்கொண்டு ஓர் அடி முன்னால் வைத்தார். பிள்ளையை அடிக்கப்போகிறாரோ, தண்டவாளத்தை அடிக்கப்போகிறாரோ யாருக்கும் தெரியவில்லை.

ஓங்கிய கை அப்படியே நின்றது.

மதர் பிலோமினா போட்ட சட்டம் ஊருக்கே தெரியும். அஞ்சு வருஷம் படித்த கைதான் அந்த அடியை அடிக்க வேண்டும். தொம்மை தன் கையைப் பார்த்தார். வலை இழுத்த கை, துடுப்புப் போட்ட கை. கோயில் கல்யாணப் புத்தகத்தில் பெருவிரல் உருட்டிய கை.

"சிஸ்டர், நீங்க அடிங்க" என்று கோலைச் சிஸ்டரிடம் நீட்டினார். குரல் இறங்கிப்போயிருந்தது.

சிஸ்டர் செரபினா கையை அங்கிக்குள் மடக்கிக்கொண்டார். "நான் எப்படி அடிக்க, தொம்மை? மூணு வருஷமா ஆறாம் கிளாஸைத் தொறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். முடிஞ்சிட்டுன்னு நான் சொன்னா பொய் சொன்ன பாவம் வரும்."

தொம்மை கூட்டத்தைப் பார்த்தார். கூட்டத்தில் எஸ்தாக்கி நின்றாள், முந்தானையில் மீன்செதில் ஒட்டியிருந்தது. முதன்முதலில் அஞ்சு அடித்தவள், அடிக்கத் தகுதியுள்ள கை. தொம்மை அவளிடம் கோலை நீட்டினார். "நீயாவது அடி எஸ்தாக்கி. உனக்கு உரிமை இருக்கு."

எஸ்தாக்கி கோலைப் பார்த்தாள். உப்பு அரித்த தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள்.

"நான் ஒரு தடவை அடிச்சதே போதும் அண்ணாச்சி" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். முப்பது வருஷத்துக்கு முன்னால் அடிக்கும்போது அழுத அழுகை இல்லை அது.

தண்டவாளம் ஆடிக்கொண்டே இருந்தது. இவ்வளவு பேர் நிற்கையில் அதை அடிக்க ஒரு கை இல்லை.

தொம்மை நெடுநேரம் நின்றார். கடல் பக்கம் பார்த்தார். பிறகு கோலைக் கொண்டுபோய் மரத்தில் சாத்தினார்.

"அத்தைட்டப் போய்ச் சொல்லு" என்றார் மகளிடம், முகத்தைப் பார்க்காமல். "பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னா அவ கெளம்பட்டும்."

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. ஆறாம் வகுப்பு அறையில் அத்தனை பெஞ்சும் காலி. முன் பெஞ்சில் மட்டும் கித்தேரி ஒருத்தி உலகப் படத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சிஸ்டர் செரபினா கோலைக் கையில் எடுத்துக்கொண்டு மரத்தடியில் வந்து நின்று கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது அடிக்க இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தது.

எப்போது அடி விழும் என்று அந்த ஐந்து நிமிஷம்கூடத் தண்டவாளத்துக்குப் பொறுக்கவில்லை.